டி. அடைக்கலசாமி

சண்டை முடிந்து ஒரு வருஷமாயிற்று. ‘டி. அடைக்கலசாமி, ஆவூர். ஜப்பான்காரன் சிறையில் மரணம். குடும்பத்தாரை விசாரிக்கவும்’ என்று மாதா கோவிலுக்கு வந்த காகிதத்தைச் சாமியார் உபதேசியாரிடம் கொடுத்திருந்தார்.

“நம்ம தைரியநாதன் பேரு அதுல இல்லைல்ல?” உபதேசியாரின் மனைவி வியாகுலமேரி பத்தாவது தடவையாகக் கேட்டாள். பட்டாளத்துக்குப் போன மகனிடமிருந்து நாலு வருஷமாகக் கடிதம் இல்லை.

“இல்லடி. அவன் வந்துருவான்.”

செத்தவன் வீட்டைக் கண்டுபிடிக்காமல் உபதேசியாருக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஊரில் அடைக்கலசாமிகள் ஆறு பேர். யாருக்கும் அப்பன் பெயர் தாவீதும் இல்லை, தோமையும் இல்லை. ஒருவனும் பட்டாளத்துக்குப் போகவுமில்லை.

அதே சிறையிலிருந்து மீண்டு வந்த ஆவுடையப்பனைத் தேடிக் குளத்தூருக்கு ஓடினார்.

“அங்க ஆவுடையப்பன்னா ஒருத்தனுக்கும் தெரியாதுங்க,” என்று அவன் சிரித்தான். “நான் ஏ. குழந்தைசாமி. அது எங்கப்பா பேரு. பட்டாளத்துல அப்பன் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவாங்க. நம்ம பேரு இனிஷியலாப் போயிரும்.”

உபதேசியார் காகிதத்தை விரித்தார். ‘டி’யில் விரல் நின்றுவிட்டது.

காகிதத்தை மடித்து மடியில் செருகிக்கொண்டு ஊர் திரும்பினார்.

வாசலிலேயே வியாகுலமேரி மறித்தாள். “அந்தப் புள்ள வீடு தெரிஞ்சுச்சா?”

இத்தனை நாளில் ஒருதரம்கூட அவள் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. கட்டின புருஷன் பெயரை எப்படிச் சொல்வாள்?

“தெரிஞ்சுச்சு,” என்றார் அடைக்கலசாமி உபதேசியார். “நம்ம வீடுதான்.”