ஃபாஸ்ட் என்றால் வேகம் மட்டுமல்ல

தையல்கார அக்காவுக்கு வாரம் இரண்டு நாள் ஆங்கிலம் சொல்லித்தர வருவாள் டீச்சர். அன்று அக்கா புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தாள்.

"ஃபாஸ்ட்னா வேகம்தானே? அப்புறம் ஏன் 'ஃபாஸ்ட் அஸ்லீப்'னு போட்டிருக்கு? வேகமாவா தூங்குவாங்க?"

டீச்சர் சிரித்தாள். "அசையாம கெட்டியா இருக்கறதும் ஃபாஸ்ட்தான்க்கா. அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கறது."

"எத்தனை தடவை எழுப்பினாலும் எழுந்திரிக்காமலா?"

"அதேதான். பட்டினிக்கும் அதே வார்த்தைதான்."

"அதுவும் சரிதான். விடிஞ்சதிலேர்ந்து எங்க ரெண்டு பேர் பல்லுலயும் பச்சைத்தண்ணி படலை."

"ஏன்க்கா, மாமா எங்கே?"

அக்கா உள்ளறையைக் காட்டினாள். டீச்சர் போய், போர்வைக்கு வெளியே கிடந்த கையைத் தொட்டாள். அது சில்லிட்டு விறைத்திருந்தது.

"அக்கா... மாமா..."

"தெரியும்மா. டாக்டர் காலையிலேயே வந்து எழுதிக் கொடுத்துட்டார்." அக்காவின் குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. "பையன் கப்பல்ல இருக்கான். மருமகதான் போனை எடுப்பா. அவளுக்குத் தமிழ் தெரியாது, இங்கிலீஷ்லதான் சொல்லணும். புத்தகம் பூரா தேடிட்டேன், தூக்கம் வரைக்கும்தான் இருக்கு."

பென்சிலைக் கையில் எடுத்தாள்.

"நீ மெதுவா சொல்லும்மா. எழுதிக்கறேன்."