குடையைத் தேடிய உம்மா

"பொம்மைக்கு எப்படித் தேடத் தெரியும்?" என்றாள் எட்டு வயது ஸமீஹா.

டாக்டர் ஸ்வாமிநாதன் மூச்சை இழுத்துவிட்டார். மேசையில் ஒரு கூடை, ஒரு பெட்டி, இரண்டு பொம்மைகள். முதல் பொம்மை கூடையில் பந்தை வைத்துவிட்டு வெளியே போனது. அந்த நேரம் பார்த்து இரண்டாவது பொம்மை பந்தைப் பெட்டிக்குள் மாற்றிவிட்டது. முதல் பொம்மை திரும்பி வந்து பந்தை எங்கே தேடும்? இதுதான் கேள்வி.

"சும்மா, தேடும்னு வச்சுக்கோ."

"எங்கன வைக்க?"

டாக்டர் அவள் தாய் ஜமீலா பீவியிடம் திரும்பினார்.

"இதுக்குப் பேரு ஆட்டிசம்மா. மத்தவங்க மனசுல என்ன ஓடுதுன்னு இவளால யூகிக்க முடியாது."

அந்த வார்த்தையையே ஜமீலா அன்றுதான் கேள்விப்பட்டார்.

"நீங்க எழுதிக் குடுத்தாத்தான் ஸ்கூல்ல சேப்பாங்களாம், சார். பொம்மை வேண்டாம். ஆளை வச்சு ஒரு தடவை கேட்டுப் பாருங்க."

டாக்டருக்கும் அது நியாயமாகப் பட்டது. ஜமீலாவை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார். நாற்காலியில் மாட்டியிருந்த ஜமீலாவின் குடையை எடுத்து பீரோவுக்குப் பின்னால் செருகினார்.

"உம்மா வந்ததும் குடையை எங்கே தேடுவாங்க?"

"பீரோவுக்குப் பின்னால."

"நல்லா யோசி. நான் மாத்தி வச்சது உம்மாவுக்குத் தெரியாதுல்லா? நாற்காலியிலதானே தேடுவாங்க?"

"இல்ல. பீரோவுக்குப் பின்னால."

டாக்டர் பரிதாபமாகத் தலையை ஆட்டினார். 'சாதாரணப் பள்ளிக்கூடம் சரிப்படாது' என்று சீட்டில் எழுதிவிட்டு ஜமீலாவைக் கூப்பிட்டார்.

"குடையை எடுத்துட்டு வந்து உட்காருங்கம்மா."

ஜமீலா நேரே பீரோவுக்குப் போனார். பின்னால் கையை விட்டுக் குடையை உருவினார். அப்புறம்தான் செய்த காரியம் உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அங்க இருக்குன்னு உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

ஸமீஹாதான் பதில் சொன்னாள்.

"என்னைத் தனியா விட்டா உம்மா சாவி ஓட்டை வழியாப் பாத்துக்கிட்டேதான் நிப்பா. இதுகூடவா உங்களுக்குத் தெரியாது?"

டாக்டர் எழுந்துபோய்ச் சாவி ஓட்டையைக் குனிந்து பார்த்தார். பிறகு சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினார்:

'ஆட்டிசம் உண்டு. தாராளமாகச் சேர்த்துக்கொள்ளலாம். தாயார் வகுப்பு ஜன்னலில் எட்டிப் பார்த்தால் விரட்ட வேண்டாம்.'