முனிகிருஷ்ணனின் கடைசி ரவுண்டு

"எந்தக் கம்பெனி உன்னை இழுக்குது? அதை மட்டும் சொல்லு."

ராஜினாமா கடிதத்தை மேஜைமேல் விசிறினார் ரங்கநாதன். பெங்களூரில் அந்த மருந்து கம்பெனிக்கு அவர்தான் மேனேஜர். எதிரே நின்ற முனிகிருஷ்ணன், அங்கே நம்பர் ஒன் மெடிக்கல் ரெப்.

"யாரும் இழுக்கல சார். சிவாஜிநகர்ல மெடிக்கல் ஷாப் வைக்கறேன். என் சம்சாரம் யசோதாவும் கூடமாட இருக்கேன்னு சொல்லிட்டா."

"கதை விடாதே! ஏரியா மேனேஜர் போஸ்டுக்கு உன் பேரை இப்பதான் அனுப்பியிருக்கேன். கார், பேஜர் எல்லாம் வரப்போகுது. அதை விட்டுட்டு கடையில நின்னு இருமல் மருந்து விப்பியா?"

"நான் இறங்க வேண்டிய ஸ்டாப் வந்துடுச்சு சார்."

ரங்கநாதன் நம்பவில்லை. ஆபீசில் ஒருவரும் நம்பவில்லை. போட்டிக் கம்பெனி பெரிய தொகை கொடுத்து மடக்கிவிட்டது என்றே பேச்சு.

விலகும் நேரமும் அப்படி. கம்பெனியின் புது பிரஷர் மாத்திரை அந்த வாரம்தான் வெளிவந்திருந்தது. அது ஓடினால்தான் ரங்கநாதனுக்கு பம்பாயில் பெரிய நாற்காலி.

வேலையை விடும் ரெப், மேனேஜரை அழைத்துக்கொண்டு தன் டாக்டர்களிடம் சொல்லிக்கொள்ளப் போவது அந்தத் தொழிலில் வழக்கம். கடைசியாக ஓர் உதவியும் கேட்பார். பழகின முகத்துக்காக டாக்டர்களும் தட்ட மாட்டார்கள்.

"போறதுதான் போறே, அந்த உதவியை நம்ம பிரஷர் மாத்திரைக்குக் கேட்டுட்டுப் போ" என்றார் ரங்கநாதன்.

"மாத்திரையைப் பத்திதான் சார் கேக்கப்போறேன்."

அன்று மாலையே கிளம்பினார்கள். முதலில் காக்ஸ் டவுன், டாக்டர் மௌரீன். அந்த அம்மாளின் கேள்விகளுக்குப் பயந்து தெருவையே சுற்றிக்கொண்டு போகும் ரெப்கள் உண்டு.

ஆனால் முனிகிருஷ்ணனைப் பார்த்ததும் டாக்டரின் முகம் மலர்ந்தது.

"வாங்க முனி. மறுபடியும் புதுசா ஏதாவதா? விளக்கமெல்லாம் வேணாம். பேரைச் சொல்லுங்க, எழுதிடறேன்."

ரங்கநாதனுக்குப் புல்லரித்தது. இப்படி ஒரு செல்வாக்கை வைத்துக்கொண்டு வேலையை விடுகிறானே, பைத்தியக்காரன்!

"சார், நான் டாக்டர்கிட்ட கொஞ்சம் தனியா பேசிட்டு வரேனே."

கதவு சாத்தப்பட்டது. நோயாளிகளுக்கு நடுவே, இருமலும் தும்மலுமாக ரங்கநாதன் காத்திருந்தார். உள்ளே பேச்சு நீண்டுகொண்டே போனது.

'புதுக் கம்பெனிக்கு அடி போடறான். என் கார்ல வந்து எனக்கே குழி பறிக்கறான்!'

அடுத்தடுத்து போன கிளினிக்குகளிலும் அதே தனிப்பேச்சு, அதே சாத்திய கதவு. போதாததற்கு, ஒவ்வொரு முறையும் முனிகிருஷ்ணன் சிரித்த முகத்தோடு வேறு வெளியே வந்தார்.

ரவுண்டு முடிந்த அன்று சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்ட் அருகே இறங்கிக்கொண்டார். கழுத்து டையை உருவிப் பைக்குள் போட்டு, பையை ரங்கநாதனிடம் நீட்டினார். பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைபோல சீட்டியடித்தபடி கூட்டத்துக்குள் நடந்தார்.

"துரோகி" என்றார் ரங்கநாதன், காருக்குள்ளிருந்து.

மறுமாதம் பிரஷர் மாத்திரை சுத்தமாகப் படுத்துவிட்டது. வேடிக்கை என்னவென்றால், எந்தப் போட்டிக் கம்பெனியின் மாத்திரை விற்பனையும் ஏறவில்லை. ரங்கநாதன் தலையைப் பிய்த்துக்கொண்டார். கடைசியில் பையைத் தானே தூக்கிக்கொண்டு காக்ஸ் டவுனுக்கு வந்தார்.

"ஸ்வல்ப இருங்க சார், கொஞ்ச நேரம்தான்" என்று உட்கார வைத்த கிளினிக் ஆயா லட்சுமம்மா, நோயாளிகள் எல்லாரும் போன பிறகுதான் உள்ளே விட்டாள்.

டாக்டர் மௌரீன் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"உங்க பிரஷர் மாத்திரை... கிட்னி வீக்கா இருக்கறவங்களுக்கு எவ்வளவு கொடுக்கலாம்?"

ரங்கநாதன் வழவழப்பான விளம்பரப் புத்தகத்தைப் புரட்டினார். அதில் அருவி இருந்தது, சிரிக்கும் குடும்பம் இருந்தது. கிட்னி இல்லை.

"வயசானவங்களுக்கு?"

"ரொம்ப சேஃப் டாக்டர்!"

"எழுந்து நின்னா தலை சுத்துமாமே?"

ரங்கநாதன் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சரி, பழைய மாத்திரையைவிட இதுல என்ன ஒசத்தி?"

விலை மட்டும்தான் ஒசத்தி. அதை எப்படிச் சொல்வது?

"பதிலோட அடுத்த வாரம் வாங்க" என்றார் டாக்டர்.

எழுந்த ரங்கநாதனுக்கு மனசு ஆறவில்லை. "டாக்டர், தப்பா நினைக்காதீங்க. அன்னிக்கு முனிகிருஷ்ணன் எந்தக் கம்பெனிக்காகப் பேசினான்?"

"கம்பெனியா?" டாக்டர் சிரித்தார். "அதுக்கு முந்தின நாள் இந்த மாத்திரையோட வந்திருந்தார். தலை சுத்தும்கறதை, நான் கேட்டா சொல்லணும்னு தயாரா வந்திருக்கார். நான் கேக்கவே இல்லை. அவர் முகத்தைப் பார்த்தே வயசானவங்க ரெண்டு பேருக்கு எழுதிட்டேன். அவரும் சொல்லாம கிளம்பிட்டார். ராத்திரி பூரா தூக்கம் வரலையாம். 'டாக்டர் கேள்வி கேக்கறதை நிறுத்திட்டா, ரெப் கிளம்பிடணும் டாக்டர்'னார். அப்பவே அந்த ரெண்டு பேரையும் கூப்பிட்டு மருந்தை மாத்தினேன்."

ரங்கநாதன் நின்றபடியே கேட்டார். "அப்போ... கடைசி உதவின்னு ஒண்ணும் கேக்கலையா?"

"கேட்டாரே! 'இனிமே யார் முகத்துக்காகவும் எழுதாதீங்க. நான் முதன்முதலா வந்தப்ப என்னை வறுத்தெடுத்தீங்களே, அதே மாதிரி எனக்கப்புறம் வர்றவங்களையும் வறுத்தெடுங்க'ன்னார். எல்லா டாக்டர்கிட்டயும் இதையேதான் கேட்டாராம்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

"உங்க நம்பர் ஒன் ரெப் ஆச்சே சார். அவர் கேட்டு நாங்க எதை மறுத்திருக்கோம்?"