தடால் தவமணி

லுணுகலைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்துக் கடைசி லயத்து வீட்டு வாசலில், தீபாவளிக்கு மறுநாள் வெயில் சாய்வாக விழுகிறது. கொழும்பில் வீட்டுவேலை பார்க்கும் பாக்கியலெட்சுமி மூன்று நாள் லீவில் வந்து படியில் உட்கார்ந்திருக்கிறாள். அந்த வீட்டுப் பிள்ளைகள் படித்து ஒதுக்கிய ஏழு ‘தடால் தவமணி’ கதைப்புத்தகங்களையும் மகளுக்கென்று கேட்டு வாங்கிச் சுமந்து வந்திருக்கிறாள். பிரித்துப் பார்க்க நேரம் ஏது? அட்டையில் சிரித்த பெண்ணை நம்பிவிட்டாள். மகள் துஷாந்தினி உரக்க வாசிக்கிறாள். மலைநாட்டிலிருந்து பட்டணத்துக்கு வேலைக்குப் போன தடால் தவமணி, தேத்தண்ணீர்த் தட்டோடு மறுபடியும் விழுகிறாள். சுற்றியிருக்கும் பிள்ளைகள் சிரிக்கிற சிரிப்பில் கூரைத் தகரத்தில் இரண்டு ஆணி கழன்று விழுகிறது; மொனராகலையில் கரும்பு ஒரு சாண் சாய்ந்ததாகவும் கேள்வி. “சரியான மண்டுடா இவ!” என்கிறான் பக்கத்து வீட்டு நிமலன். “பாவம்ண்ணே,” என்று சொல்லிக்கொண்டே அவன் தங்கச்சியும் சிரிக்கிறாள். பாக்கியலெட்சுமியும் சிரிக்கிறாள், சுடுதண்ணீர் கொட்டிய தழும்புக் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு. மகள் அதைப் பார்த்துவிடுகிறாள். வாசிப்பு நிற்கிறது. “ஏன்டி நிப்பாட்டிட்ட?” “எனக்கு இவளப் பிடிக்கலம்மா.” “சரி, ஒண்ணு மட்டும் பாத்துச் சொல்லு. அந்தப் புள்ள எப்பவாச்சும் ஊருக்கு வந்துட்டுப் போகுதா?” துஷாந்தினி ஏழு புத்தகத்தையும் ஒவ்வொன்றாகக் கடைசிப் பக்கம்வரை புரட்டுகிறாள். அதற்குள் வெயில் படியிறங்கித் தேயிலைக்குள் போய்விடுகிறது. “இல்லம்மா,” என்கிறாள். “அவளுக்கு ஊரே எழுதல.”