கட்டைவிரல் குழி

அறையில் நாலு பேர். மேசைக்குப் பின்னால் எலும்பு டாக்டர். எதிர் நாற்காலியில், வலது மணிக்கட்டைக் கைக்குழந்தை மாதிரி மடியில் ஏந்தியபடி பூட்டு சாவி ரிப்பேர்காரர். அவர் முதுகுக்குப் பின்னால் நின்றபடி அவர் மனைவி. ஜன்னலோர ஸ்டூலில் நர்ஸம்மா. டாக்டர் எழுதும் சீட்டை ஊரிலேயே படிக்கத் தெரிந்தவர் நர்ஸம்மா ஒருவர்தான். மருந்துக் கடையிலிருந்து தினம் நாலு போனாவது வரும்.

டாக்டர் கட்டைவிரலுக்குக் கீழே இருந்த குழியில் அழுத்தினார். சாவிக்காரர் நாற்காலியோடு துள்ளினார்.

"மூணு மாசம் முன்னாடி சைக்கிள்லேர்ந்து விழுந்து கையை ஊனிட்டாரு" என்றாள் மனைவி. "இலவச முகாமுக்குக் கூட்டிட்டுப் போனேன். எக்ஸ்ரேல ஒண்ணுமில்ல, சுளுக்குதான்னு தைலம் எழுதிக் குடுத்துட்டாங்க. மாஸ்க் போட்ட டாக்டரு, தலையைக்கூட நிமிர்த்தல."

"முந்திரிப் பருப்பு அளவு எலும்பும்மா இது. முதல் எக்ஸ்ரேல கண்ணாமூச்சி காட்டும். இந்தக் குழியில வலிச்சா மாவுக்கட்டு போட்டுட்டு, ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி படம் எடுத்திருக்கணும். இன்னிக்கு எடுத்த படத்துல உடைஞ்சு ஒட்டாம இருக்கிறது நல்லாத் தெரியுது. இனி ஆபரேஷன் பண்ணித் திருகாணி போடணும். பழைய பிடி வருமான்னு சொல்ல முடியாது."

சாவிக்காரர் தன் கையையே பார்த்தார். "அரம் பிடிக்கிறதைத் தவிர வேற தொழில் தெரியாதே சார்."

டாக்டருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. முகாம் சீட்டை வாங்கி, நேராகவும் தலைகீழாகவும் பார்த்தார்.

"கோழி கிண்டின மாதிரி எழுதியிருக்கான்! நானும்தான் மாசம் மூணு முகாமுக்குப் போறேன், இப்படியா வைத்தியம் பாக்கிறேன்? சிஸ்டர், மருத்துவக் கவுன்சிலுக்கு ஒரு புகார் எழுதுங்க. இவனைச் சும்மா விடக்கூடாது."

அவர் சொல்லச் சொல்ல நர்ஸம்மா எழுதினார். பெயருக்கு மட்டும் இடம் விட்டுவிட்டு, சீட்டின் அடியில் இருந்த கையெழுத்தைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தரம் பார்த்தார்.

"சார், பேரை ஒருதடவை நீங்களே பாத்துடுங்களேன்."

"எனக்கு எங்க புரியுது? நீங்களே எழுதுங்க. எவனா இருந்தா என்ன?"

நர்ஸம்மா எழுதினார். டாக்டர் தலை நிமிராமல், படிக்காமல், கையெழுத்தைக் கிறுக்கினார். உறையை ஒட்டியதும், பதிவுத் தபாலில் சேர்க்கச் சாவிக்காரரின் மனைவி கையோடு எடுத்துக்கொண்டு போனாள்.

டாக்டர் கை கழுவிக்கொண்டே கேட்டார். "அந்த ஆளு பேரைத் தப்பில்லாம எழுதினீங்களா?"

"உங்க பேரை எனக்குத் தப்பா எழுத வருமா சார்?"