உராய்வுக் கணக்கு

திருமூர்த்திக்குச் சோறு இறங்கவில்லை. ப்ளஸ் டூ பரீட்சைக்கு ஒரு மாதம்கூட இல்லை. மகன் கிருபாசங்கரின் பிசிக்ஸ் புத்தகத்திலோ பாதிப் பாடம் பாக்கி.

"புது வாத்தியார் ஒரு கணக்கையே திருப்பித் திருப்பிச் சொல்றாருப்பா. போர்டுல எழுதுவாரு, எங்க பக்கம் திரும்புவாரு, அப்புறந்தான் வாயத் தொறப்பாரு. எழுதிட்டே பேசினா என்னவாம்? இப்படியே போனா என்ட்ரன்ஸ்ல நான் அம்போதானுங்கப்பா."

மகனை எப்படியாவது இன்ஜினியராக்கிப் பார்த்துவிட வேண்டும் என்று கருமத்தம்பட்டியில் விசைத்தறிக்கூடம் நடத்துகிற மனுஷர் சும்மா இருப்பாரா? ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு நேராகப் பள்ளிக்கூடத்துக்கே போய்விட்டார். ஹெட்மாஸ்டரைப் பார்ப்பதற்கு முன் கண்ணால் பார்த்துவிடலாம் என்று வகுப்பின் பின்பக்க ஜன்னலோரம் நின்றார்.

உள்ளே கோவிந்தராஜுலு சார் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்.

"பத்து கிலோ நூல் மூட்டை. அம்பது நியூட்டன் விசையில தரையோட கிடையா இழுக்கறோம். உராய்வுக் குணகம் பாயிண்ட் மூணு. முடுக்கம் எவ்வளவு?"

எழுதினார். திரும்பினார். அதையே மறுபடியும் சொன்னார்.

"அம்பதைப் பத்தால வகுத்து அஞ்சுன்னு எழுதிப்போடாதீங்க. ஜி-யைப் பத்துன்னு வெச்சுக்கிட்டா மூட்டையோட எடை நூறு நியூட்டன். அதைப் பாயிண்ட் மூணால பெருக்குனா முப்பது. அதுதான் உராய்வு, பின்னால புடிச்சு இழுக்கறது. கண்ணுக்குத் தெரியாது, ஆனா கழிச்சே ஆகணும். மிச்சம் இருபது. பத்தால வகுத்தா முடுக்கம் ரெண்டு."

எழுதினார். திரும்பினார். இன்னொரு தடவை சொன்னார். திருமூர்த்திக்கே மனப்பாடம் ஆகிவிட்டது.

"ஏனுங்க சார், கொஞ்சம் வெளிய வாங்க."

சார் வராந்தாவுக்கு வந்தார்.

"பசங்களுக்கு மொத வாட்டியே புரிஞ்சுபோச்சுங்க. நீங்க இப்படி நேரத்தைப் போக்குனா என்ற பையன் கதி என்னங்க? ஹெட்மாஸ்டர்கிட்டச் சொல்லி வேற வாத்தியாரைப் போடச் சொல்லீருவேன்."

சார் குரலைத் தாழ்த்தினார்.

"தாராளமாச் சொல்லுங்க. ஆனா உள்ள ஒரு புள்ளைக்குக் காது சரியாக் கேக்கறதில்லைங்க. பாதி சத்தம், பாதி என்ற உதடு, இதை வெச்சுத்தான் பாடம் புரிஞ்சுக்குது. நான் போர்டைப் பாத்துப் பேசினா அந்த வரி அதுக்குப் போயிருது."

"பொறவியிலயேவா?"

"இல்லைங்க. சின்னதுல இருந்தே ஸ்கூல் விட்டதும் தறி ஓட்டப் போயிருது. அந்தச் சத்தத்துல நின்னு நின்னு இப்படி ஆயிப்போச்சு. தறியில எல்லாருமே உதட்டைப் பாத்துத்தானே பேசிக்கறாங்க, அதனால யாருக்கும் தெரியலை. மொதலாளி காதுக்குப் போனா வேலை போயிரும், சொல்லீராதீங்க சார்னு அழுதுச்சு."

திருமூர்த்திக்கு மனசு கேட்கவில்லை. வந்த கோபமெல்லாம் இப்போது வேறு பக்கம் திரும்பியது.

"படிக்கற புள்ளையக் காது போற வரைக்கும் தறியில நிறுத்தியிருக்கானே, அவனெல்லாம் மனுசனாங்க? யாரு அந்த மொதலாளி? பேரைச் சொல்லுங்க, நாக்கைப் புடுங்கிக்கற மாதிரி நாலு கேள்வி கேட்டுப்போட்டு வாரேன்."

"பேரை மட்டும் சொல்ல அந்தப் புள்ள வாயே தொறக்கலைங்க."

அந்த நேரம் பார்த்து, முதல் பெஞ்சிலிருந்து ஒரு பெண் பதறியடித்துக்கொண்டு வெளியே ஓடி வந்தாள். ரெட்டைச் சடையில் அங்கங்கே பஞ்சு ஒட்டியிருந்தது. திருமூர்த்தியின் உதட்டையே பார்த்தபடி சொன்னாள்:

"கோவிச்சுக்காதீங்க மொதலாளி. எங்கம்மாவுக்குக் காச்சலுங்க, அதான் தறி நிக்குது. கிளாஸ் முடிஞ்சதும் அம்மா தறியையும் சேத்து நானே ஓட்டிப்போடறேனுங்க."