வழியை மறித்தவன்

முன்னால் போய்க்கொண்டிருந்த தாடிக்காரன் மறுபடியும் நின்றான்.

இந்த முறை ஷூ நாடா. நடுப்பாதையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, நன்றாக இருந்த முடிச்சை அவிழ்த்து, முதலிலிருந்து கட்ட ஆரம்பித்தான்.

"என்ன தம்பி, இப்பத்தான் கட்டிப் பழகறியா?" என்றாள் வெர்லீன்.

"மன்னிச்சிருங்கம்மா. அடிக்கடி அவிழ்ந்துடுது."

"பரவாயில்ல, அவசரமில்ல. பனி விழறதுக்குள்ள கட்டி முடிச்சிரு."

ஒரு பக்கம் சிவப்புப் பாறைச் சுவர். மறுபக்கம் எட்டிப் பார்த்தால் தலை சுற்றும் பள்ளம். ஒருவர் பின் ஒருவராகத்தான் ஏற முடியும். முந்திக்கொண்டு போகலாமென்றால், அவன் முதுகிலிருந்த மூட்டையே ஓர் ஆள் அகலம்.

வெர்லீன் உயர்நிலைப் பள்ளியில் விளையாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். விசிலைத்தான் கழற்றி வைத்திருந்தாள், ஊதுவதை நிறுத்தவில்லை. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பிறந்தவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை: கோடை முடிகிற சமயத்தில், இவ்வளவு உயரத்தில், மதியம் திரும்பினால் இடி இடிக்கும். அதற்குள் மேலே ஏறி வண்டிக்குள் உட்கார்ந்துவிட வேண்டும். மேற்கே ஏற்கெனவே கறுத்துக்கொண்டு வந்தது.

தாடிக்காரன் அடுத்த வளைவில் நின்று போட்டோ எடுத்தான்.

வெர்லீன் தலையைத் திருப்பாமலேயே பின்னால் வந்த கணவரிடம் சொன்னாள். "லமார், நீயாவது ஒரு வார்த்தை கேளேன்."

"விடு வெர்லீன். எடுத்துக்கட்டும்."

"எதை எடுக்கறான்? கல்லை. போன வளைவுலயும் இதே கல்லுதான்."

"அது வேற கல்லு."

"ஆமா, அது சிவப்புக் கல்லு. இது செக்கச் சிவந்த கல்லு."

லமார் பாறையில் சாய்ந்து நின்றார். யாரையும் எதுவும் கேட்கத் தெரியாத மனுஷன் என்பது வெர்லீனின் நெடுநாள் குறை. காலையில்கூட, "மேலேயிருந்தே பள்ளத்தாக்கைப் பார்த்துட்டுப் போயிடலாமே" என்று இழுத்தார். "பார்க்கறதுக்கு வீட்டுல காலண்டர் இருக்கு" என்று சொல்லித்தான் அவரை இறக்கிக்கொண்டு வந்தாள். போன வருஷம் ஏரிக்கரையில் நடந்தபோது, மூச்சு வாங்குகிறதென்று பாதியில் உட்கார்ந்துவிட்டார். அதை சர்ச் விருந்தில் வெர்லீன் அவரைப் போலவே நெஞ்சைப் பிடித்து, நாக்கைத் தள்ளி நடித்துக் காட்டினாள். விருந்தே சிரித்தது. லமாரும் சிரித்தார்.

தூரத்தில் இடி உருண்டது.

தாடிக்காரன் ஒரு சின்னப் பல்லியைப் பார்த்து நின்றான். பிறகு தண்ணீர் குடிக்க நின்றான். குடித்த தண்ணீர் உள்ளே இறங்க வேண்டுமே, அதற்காகவும் நின்றான்.

"தம்பி, அந்தப் பல்லியே மேல போய்ச் சேர்ந்திருக்கும்" என்றாள் வெர்லீன்.

"அழகான இடம்மா. வேகமாப் போக மனசு வரல."

"மனசு வரலியா, கால் வரலியா?"

அவன் சிரித்துவிட்டு நாலு எட்டு வைத்தான். அடுத்த வளைவில் மறுபடி நின்றான். வழியெல்லாம் வெர்லீனின் கண் அந்த மூட்டையைவிட்டு நகரவில்லை. முறைத்த முறைப்பில் அது பற்றிக்கொள்ளாதது ஆச்சரியம்.

ஒருவழியாக மேலே வந்து சேர்ந்தார்கள். மேகம் ஒரு சொட்டுகூடப் போடாமல் வடக்கே நகர்ந்துவிட்டது. அவளுக்குப் பயந்தோ என்னவோ.

வெர்லீன் நேராக அவன் முன்னால் போய் நின்றாள். லமார் வண்டியை நோக்கி நடந்தார்.

"தம்பி, இது பொது வழி. உங்க வீட்டு வராந்தா இல்ல. நடக்கத் தெரிஞ்சவங்க பின்னால வர்றாங்கங்கற நினைப்பு வேணும். இடி மேல விழுந்திருந்தா யாரு பொறுப்பு? உடம்பு முடியலைன்னா முடியலைன்னு சொல்லி ஒதுங்கி உட்காரணும். வாயைத் திறந்து சொல்றதுல என்ன வெட்கம்?"

அவன் தலையைக் குனிந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். "தப்புதான்மா" என்றான்.

இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டுவிட்டானே என்று வெர்லீனுக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

லமார் ஐஸ் பெட்டியிலிருந்து இரண்டு பீச் பழங்களை எடுத்து வந்தார். "இந்தா கோல்பி, வழியில சாப்பிடு."

கோல்பி பழங்களை வாங்கிக்கொண்டு லமாரின் முகத்தை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தான். "இப்ப தேவலாம். ஆனா இன்னிக்கே டாக்டரைப் பார்த்துடுங்க சார்" என்றான். மூட்டையை இறுக்கிக் கட்டினான். வந்த பாதையிலேயே திரும்பி, ஒரு வளைவிலும் நிற்காமல் தடதடவென்று கீழே ஓடினான்.

வெர்லீன் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அவன் பேரு உனக்கெப்படித் தெரியும்? மறுபடி எதுக்குக் கீழ போறான்?"

"அவன் இறங்கிட்டிருந்தவன்தான். பாவம், ராத்திரி தங்கற இடத்துக்கு இனிமேதான் போகணும்."

"அப்ப நம்ம முன்னால எதுக்கு ஏறினான்?"

"நான்தான் கேட்டுக்கிட்டேன். கீழே நீ பைன் மரத்தைப் போட்டோ எடுத்துட்டிருந்தப்ப. 'எங்களுக்கு முன்னால மெதுவா நட, வளைவுக்கு வளைவு ஏதாவது சாக்குச் சொல்லி நில்லு'ன்னு."

"எதுக்கு?"

லமார் வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நெஞ்சை அடைச்சுது, வெர்லீன். உன்கிட்ட சொல்றதைவிட முன்ன பின்ன தெரியாத ஒருத்தன்கிட்ட சொல்றது சுலபமா இருந்துச்சு."